இடமும் ஏடும்: உயர்கல்வியில் பார்வையிழந்த தமிழ் மாணவர்

முன்னுரை

புதுவை நகரிலிருந்து வடக்கு நோக்கிக் கடலை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். முன்னதில் பார்வையும் செவிப்புலனும் இழந்த சிறார்க்கென அரசு நடத்தும் ஆனந்தரங்கப்பிள்ளை சிறப்புப் பள்ளி உள்ளது. பின்னதில், 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் நூலகமும் ஆனந்தரங்கப்பிள்ளையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பெழுதி, எழுத்தினால் காலத்தை வென்ற ஒருவரின் பெயர் இவ்விரு நிலையங்களுக்கும் பொதுவாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் சாலைவழி சிறிது. கல்விவழி எத்துணை நீளம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

உடற்குறையுடையார்க்கு உயர்கல்வியில் துணைநிற்கும் சட்டங்களும் நிறுவனங்களும் கருவிகளும் இன்று பலவாகப் பெருகியுள்ளன. அவற்றைத் தொகுத்துப் பாராட்டுதல் எளிது. அவை தமிழ் பயிலும் மாணவர் கையில் எதனைக் கொண்டு சேர்க்கின்றன என்று வினவுதல் சற்றே அரிது. நடக்கவியலாதார்க்கும் செவிப்புலன் இழந்தார்க்கும் உரிய சிக்கல்கள் வேறு. அவை தனியே ஆராயத் தக்கன. தமிழ்த்துறையின் கைப்பொருளாகிய நூலோடு நேரே தொடர்புடைமையால், பார்வையிழந்த மாணவர் நிலையை மட்டும் இக்கட்டுரைக்கு எல்லையாகக் கொள்கின்றோம். மாணவர்க்கு இடம் கிடைத்துள்ளது, ஏடு கிடைத்திலது, அவ்வேட்டினை ஆக்கித் தரும் கடமை பிறரைக் காட்டிலும் தமிழ்த்துறைகளுக்கே உரியது என்பது எம் துணிபு.

தமிழ் மரபில் குறையும் கல்வியும்

தமிழ் மரபு இப்பொருளில் ஒரு குரலில் பேசவில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய புறப்பாட்டு (28), குறைப்பிறப்புகளை எட்டாகத் தொகுத்துப் பயனில என ஒதுக்குகின்றது. அதே தொகையுள் ஏணிச்சேரி முடமோசியார் பாடல்கள் பல இடம் பெற்றுள்ளன. அவர் பெயரின் முன்னடை உடற்குறையைச் சுட்டுவது என்பர். குறையைப் பழித்த பாட்டையும், குறையைப் பெயரிலேயே உடைய புலவரின் பாட்டையும் ஒரு தொகை ஒருங்கே காத்துத் தந்தது. நன்னூலார் பாடஞ் சொல்லத் தகாதார் வரிசையில் பிணியனையும் வைத்தார். பிணி வேறு, உறுப்புக்குறை வேறு என்பது உண்மையே. ஆயினும் உடல்நிலை கருதிக் கல்வியை மறுக்கலாம் என்னும் எண்ணத்திற்கு அவ்விதி இடந்தருகின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தே இரட்டையரைக் காண்கின்றோம். ஒருவர் கண்ணிலார், ஒருவர் காலிலார். ஒருவர் தோளில் ஒருவர் அமர்ந்து ஊர்தோறும் சென்று, பாட்டின் ஒரு பாதியை ஒருவரும் மறு பாதியை மற்றொருவரும் பாடினர் என்பது வரலாறு. புதுவைக்கு மேற்கே விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அவர்தம் கலம்பகத்தால் இலக்கியத்தில் நிலைபெற்றது. 17-ஆம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருவாரூர் உலாவும் திருக்கழுக்குன்றப் புராணமும் இயற்றினார். 19-ஆம் நூற்றாண்டில் பழனியில் மாம்பழக் கவிச்சிங்க நாவலர் வாழ்ந்தார்.

இவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகின்றனர். கண்ணின்றியும் பாடினரே என்னும் அவ்வியப்பு, புகழ்ச்சி போலத் தோன்றினும் ஆராய்ச்சியைத் தடுத்து விடுகின்றது. எவ்வாறு கற்றனர் என்பதன்றோ ஆராய்வார் கேட்க வேண்டிய வினா? வீரராகவருக்கு ஆசிரியர் முதுகில் எழுத்துகளை வரைந்து காட்டிக் கற்பித்தார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அது மெய்யாயினும் புனைவாயினும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றது: கண்ணிலார்க்கும் எழுத்து வேண்டும், அதனை அவர் அறியும் புலன் வழியே கொண்டு சேர்த்தல் ஆசிரியன் பணி.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. ஓலைச்சுவடிக் காலத்தில் பார்வையுடைய மாணாக்கனும் பெரும்பாலும் செவியாலேயே பாடங்கொண்டான். நன்னூற் பாயிரம் பாடங்கேட்கும் முறையைக் கேட்டலின் மேலும் நினைத்தலின் மேலும் வைத்தே விரிக்கின்றது. பார்வையுடைய புலவரும் தாம் சொல்லப் பிறரை எழுதுவித்தல் வழக்கமாயிருந்தது. ஆகவே, அக்காலக் கல்வி முறைக்குள் கண்ணிலாப் புலவர் நிலை மற்றையோர் நிலையினின்றும் மிகத் தொலைவில் இல்லை.

அத்தொலைவை மிகுவித்தது அச்சு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த காலந்தொட்டு, தமிழாராய்ச்சி கண்ணின் தொழிலாயிற்று. பாடவேறுபாடு, அடிக்குறிப்பு, மேற்கோள் விளக்கம், அரும்பத அகராதி ஆகியன யாவும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகக் கண்ணோட்டத்தில் ஒப்பிடுமாறு அமைந்தன. இவ்வமைப்பு தமிழுக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. ஆனால் அதே அமைப்பு, ஒரு வகை மாணவரை ஆராய்ச்சியின் புறத்தே நிறுத்தியும் விட்டது. வேண்டுமென்று செய்யப்பட்டதன்று, எனினும் செய்யப்பட்டதே. மாணவர் உடற்குறை முன்னும் இருந்தது. அக்குறையைத் தடையாக மாற்றியது நூலின் வடிவம். தடை நூலில் உள்ளதாயின், அதனைத் திருத்துவதும் நூலில் வல்லார்க்குரிய செயலே.

சட்டம் தந்த இடம்

இனி, இக்காலச் சட்டங்களை நோக்குவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்வி நிலையங்களில் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கிற்று. ஐக்கிய நாடுகளின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 32-ஆம் பிரிவு, அரசு உயர்கல்வி நிலையங்களும் அரசின் உதவி பெறுவனவும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குதல் வேண்டும் என்றும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு தருதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. 2017 திசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்விதியை உயர்கல்வி நிலையங்கள் தவறாது பின்பற்றுமாறு பணித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் இத்தகைய மாணவர்க்கெனத் தனித்திட்டம் வகுத்து, உதவி மையங்களுக்கும் கருவிகளுக்கும் பொருளளித்தது. 2022-இல் அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது.

புதுவைப் பல்கலைக்கழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. இம்மாணவர்க்குக் கட்டண விலக்கு அளித்ததோடு, விடுதி வசதியும் தந்து வருகின்றது. பார்வையிழந்தார்க்கான கருவிகளும் அதன் நூலகத்தில் வைக்கப்பெற்றுள்ளன. வறுமையும் குறையும் ஒருங்கே தாக்கிய குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்க்கு இவை பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

சொல்லும் மாறியுள்ளது. 2010-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டரசு ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லை விலக்கி ‘மாற்றுத் திறனாளிகள்’ என்பதனை வழக்கிற் கொணர்ந்தது. பழிச்சொல்லை நீக்கி மதிப்புச் சொல்லை வைத்தது நன்றே. எனினும், மாற்றுத் திறன் என்று பெயரிட்டபின், அத்திறன் இயங்குதற்குரிய மாற்று நூலையும் வைத்தல் வேண்டுமன்றோ? பெயர் முன்னே சென்றுவிட்டது. பொருள் பின்தங்கி நிற்கின்றது.

தேர்வறையில் ஒரு முரண்

பொருள் பின்தங்கியமைக்குத் தேர்வறையே முதற்சான்று. பார்வையிழந்த மாணவர் விடையைச் சொல்ல, மற்றொருவர் எழுதுகின்றார். இவரைச் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று வழங்குவர். ஒரு மணி நேரத் தேர்விற்கு 20 நிமிடத்திற்குக் குறையாத மிகைநேரமும் உண்டு. 2021-இல் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காட்டுக் குறை என்னும் அளவை எட்டாதார்க்கும் தேவையுண்டாயின் இவ்வுரிமை உண்டு என்று தெளிவுபடுத்திற்று. இவை யாவும் நல்லனவே.

ஆயினும், 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, தேர்வர் தாமே எழுதுபவரை அழைத்து வரின் அவர் கல்வி தேர்வர் கல்விக்கு ஒரு படி கீழ்ப்பட்டிருத்தல் வேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுக்க எழுந்த விதி அது. தமிழிலக்கணத் தேர்வில் அதன் விளைவைக் கருதுக. முதுகலை மாணவர் யாப்பிலக்கண விடையில் சீர் பிரித்துச் சொல்கின்றார். எழுதுபவர் தளையறியார், சொல் முடியுமிடத்தே இடைவெளி விட்டு எழுதுகின்றார். மாணவர் புணர்ச்சி விதியைச் சரியாகச் சொல்கின்றார். எழுதுபவர் வல்லொற்றை விட்டுவிடுகின்றார். ரகர றகரங்களும் னகர நகரங்களும் இன்றைய ஒலிப்பில் தம்முள் மயங்குதலால், ‘அரம்’ என்றும் ‘அறம்’ என்றும் எழுதுபவர் மனப்போக்கிற்கேற்ப விடைத்தாளில் அமைகின்றன. திருத்துவோர் காண்பது தாளை மட்டுமே. ஒருவர் அறிவை மற்றொருவர் எழுத்தால் அளந்து மதிப்பெண் குறைத்தல் நடுநிலையாகாது.

இதற்குத் தீர்வு, மேலும் கற்ற எழுதுபவரைத் தேடுவது மட்டுமன்று. மாணவர் தாமே கணிப்பொறியில் எழுதிச் சரிபார்க்கும் முறையைப் பயிற்றுவித்தல் ஆகும். 2006-இல் ஆத்திரேலியாவில் பார்வையிழந்த ஒருவரால் தொடங்கப்பெற்ற ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் ஒலிக்கின்றது. அதனைக் கையாளும் திறனை முதலாண்டிலேயே தமிழ்த்துறை கற்பித்தால், தன் எழுத்தைத் தானே எழுதும் உரிமை மாணவர்க்கு உண்டாகும்.

ஏடு மூவகை

பார்வையிழந்தார்க்குரிய ஏடு ஒலியேடு, தொடுவேடு, பொறியேடு என மூவகைப்படும். அவற்றின் இயல்பைத் தமிழ்ப்பாடம் நோக்கி ஆராய்வோம்.

ஒலியேடாவது, ஒருவர் படிக்கப் பதிவு செய்தது. கதைக்கும் கட்டுரைக்கும் இது போதும். செய்யுளுக்குப் போதாது. பொருள் விளங்கச் சொற்பிரித்துப் படித்தால் சீர் மறைகின்றது. சீர்பிரித்துப் படித்தால் சொல் மறைகின்றது. பாடவேறுபாடுகளையும் அடிக்குறிப்புகளையும் படிப்பார் பெரும்பாலும் விட்டுவிடுவர். படிப்பினும் அவை பாட்டின் ஓட்டத்தைக் குலைக்கும். எழுத்துவடிவத்தின் நுட்பம் செவிக்கு எட்டாது.

தொடுவேடாவது, பிரெயில் எழுத்து. ஈண்டுப் புதுவையின் வரலாறு நினைவிற்கு வருகின்றது. 1827-இல் புதுவையில் இன்று ரோமென் ரோலன் பெயர் தாங்கும் பொது நூலகம் தொடங்கப்பெற்றது. ஈராண்டு கழித்து, 1829-இல், பாரிசு நகரில் பார்வையிழந்தோர் பள்ளியைச் சார்ந்த இளைஞர் லூயி பிரெயில் ஆறு புள்ளிகளால் ஆகிய தம் எழுத்து முறையை நூலாக வெளியிட்டார். ஒரே ஆட்சியின் கீழிருந்த இரு நகரங்களில் நிகழ்ந்த இவ்விரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் நூலகமும் அவ்வெழுத்தும் ஒருங்கு சேர வேண்டும் என்னும் தேவை இன்றும் முற்றுப்பெறவில்லை.

இந்திய மொழிகளுக்குப் பல்வேறு பிரெயில் முறைகள் வழங்கிய நிலை மாறி, 1951-இல் பெய்ரூத்து நகரில் யுனெசுகோ கூட்டிய மாநாட்டையொட்டிப் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை வகுக்கப்பெற்றது. இம்முறையில் தமிழ் எழுதப்படும் வகை இலக்கணம் கற்பார்க்கு இன்பம் பயப்பது. அச்செழுத்தில் ‘கெ’ என எழுதுங்கால் கொம்பு மெய்க்கு முன் நிற்கின்றது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இருபுறமும் நிற்கின்றது. பிரெயிலிலோ மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே யாண்டும் வரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று நூன்மரபில் தொல்காப்பியர் வகுத்த முறையும் இதுவே. புள்ளி மட்டும் மெய்க்கு முன்னே வருதல் வேறுபாடு. கண்ணால் படிப்பார் விதியாகக் கற்பதனைக் கையால் படிப்பார் ஒவ்வோர் எழுத்திலும் தொட்டு உணர்கின்றனர். இலக்கணம் கற்றற்கு இத்துணைப் பொருந்திய எழுத்தில் இலக்கண உரைகள் போதிய அளவு கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. பிரெயில் அச்சு இடமும் பொருளும் மிகுதியாகக் கொள்வது. ஒரு நூல் பல தொகுதிகளாக விரியும். அதனால் அச்சகங்கள் பள்ளிப் பாடநூல்களை முதன்மையாகக் கொண்டன. உரையாசிரியர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்.

பொறியேடாவது, கணிப்பொறி படிக்கவல்ல எழுத்தாக்கம். இதுவே மற்றிரண்டிற்கும் மூலமாக நிற்கவல்லது. ஒருமுறை செம்மையாக அமைத்தால் ஒலியாகவும் பிரெயிலாகவும் வேண்டியவாறு மாறும். ஒருங்குறியிலும் மெய் முன், உயிர்க்குறி பின் என்னும் முறையே உள்ளது. ஆனால் ஒருங்குறி பரவுமுன் தமிழில் வழங்கிய எழுத்துருக்கள், கண்ணுக்குத் தமிழாகவும் பொறிக்கு வேற்றெழுத்தாகவும் அமைந்தன. அவற்றில் அச்சேறிய நூல்களையும் ஆய்வேடுகளையும் திரைபடிப்பான் பொருளற்ற ஒலியாகவே வெளியிடும். ஒளிவருடி எடுத்த பக்கங்களோ பொறிக்கு வெறும் படமே. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ‘சோத்கங்கா’ தொகுப்பிலும் தமிழ் ஆய்வேடுகள் பல இவ்வாறு படமாகவே உள்ளன. எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்ட தொகுப்பு, ஒரு சாரார்க்கு மட்டும் சாத்திய கதவாயிற்று.

தன்னார்வலர் உழைப்பால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைப் பொறியேடாக்கித் தந்தது. பார்வையிழந்தார்க்கெனத் தொடங்கப்பட்டதன்றாயினும், அவர்க்கு அது செய்த நன்மை பெரிது. எனினும், மூலங்கள் கிடைக்கும் அளவிற்கு உரைகளும், ஆராய்ச்சிப் பதிப்பிற்குரிய பாடவேறுபாடுகளும் அவ்வடிவில் கிடைக்கவில்லை. மூலம் மட்டும் பெற்ற மாணவர் நயம் பாராட்டலாம். ஆராய்ச்சி செய்தல் அரிது.

ஒரு மறுப்பும் விடையும்

தமிழ்க் கல்வி கேள்விக் கல்வியாகவே வளர்ந்தது. வள்ளுவரும் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆதலின் பார்வையிழந்தார்க்குச் செவியேடே போதும் என்பாரும் உளர். அவர்க்குக் குறளிலிருந்தே விடை கூறுவோம். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியின்மை யார்க்கும் பழியாகாது என்னும் கருத்தமைந்த குறள் (618) உள்ளது. ‘பொறி’ என்பதற்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார். இக்கால உரைகளுட் சில உடலுறுப்பு என்று கொள்கின்றன. முன்னைய உரைப்படி அக்குறள் ஊழைப் பற்றியது. பின்னைய உரைப்படி, எம் ஆராய்ச்சிப் பொருளையே நேராகப் பேசுவது. எவ்வுரை தக்கது என்று துணிதற்கு அதிகாரப் பொருளையும், அச்சொல் நூலில் பயிலும் பிற இடங்களையும், உரைகள் பலவற்றையும் ஒருங்கே வைத்து, முன்னும் பின்னும் சென்று ஒப்பிடுதல் வேண்டும். ஒருவர் படிக்கக் கேட்டிருப்பார்க்கு இது இயலுமா? தம்மைப் பற்றியதாகக் கருதப்படும் குறளின் பொருளைத் தாமே ஆராய்ந்து துணியும் வாய்ப்பு பார்வையிழந்த மாணவர்க்கு இல்லையாயின், அவர் பிறர் துணிந்ததைக் கேட்டு நிற்பாரேயன்றித் திறனாய்வாளர் ஆகார். பழங்காலத்தில் கேள்வி எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. இன்று மற்றையோர்க்கு ஏட்டையும் இவர்க்குக் கேள்வியை மட்டும் வகுத்தல் மரபைக் காத்தலாகாது.

தடை யாண்டுளது?

சட்டத் தடை உண்டோ எனின், இல்லை. 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், இலாப நோக்கின்றி மாற்றுத் திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்க இசைவளிக்கின்றது. 2013-இல் மராக்கேசு நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016-இல் ‘சுகம்ய புத்தகாலயம்’ என்னும் இணைய நூலகமும் தோன்றிற்று. மேலும், சங்க நூல்களுக்கும் பழைய உரைகளுக்கும் பதிப்புரிமையே இல்லை. கருவித் தடையும் இல்லை; பொருட்தடையும் பெரிதன்று. எஞ்சி நிற்பது உழைப்பு ஒன்றே. அதுவும் எத்தகைய உழைப்பு? பாடத்தைச் சரிபார்த்தல், உரையை மூலத்தினின்றும் பிரித்துக் காட்டல், குறிப்பை உரிய இடத்தில் சேர்த்தல். இவை தமிழ்த்துறையாரின் அன்றாடத் தொழிலன்றோ? நூலகரோ பொறிஞரோ இதனைத் தனித்துச் செய்யவியலாது. பாடவேறுபாடு எது, அச்சுப்பிழை எது என்று பொறி அறியாது.

இப்பணிக்குப் புதுவையினும் தக்க இடம் அரிது. 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுவை நிலையமும் இந்நகரிலேயே உள்ளன. இந்நகரின் சைவச் சுவடித் தொகுப்புகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவேட்டில் இடம்பெற்றன. நற்றிணையும் குறுந்தொகையும் சுவடி வேறுபாடுகளோடு செம்பதிப்பாக இந்நூற்றாண்டில் இங்கிருந்தே வெளிவந்தன. பாடவேறுபாட்டைத் தொகுக்கும் கலை இந்நகரில் ஓங்கி நிற்கின்றது. அக்கலையின் பயன் விரலுக்கும் செவிக்கும் எட்டுமாறு செய்தல் அடுத்த படி.

முடிவுரை

மேற்கூறியவாற்றான், பார்வையிழந்த மாணவர்க்கு உயர்கல்வியில் இடம் சட்டத்தால் அமைந்தது என்பதும், ஏடு இன்னும் அமையவில்லை என்பதும், அக்குறை மாணவர்பால் இன்றி நூல் வடிவின்பால் உள்ளது என்பதும் பெறப்பட்டன. தீர்வாக நான்கு செயல்களை முன்வைக்கின்றோம். ஒன்று, பாடத்திட்ட நூல்களைப் பருவம் தொடங்குமுன் உரையும் குறிப்பும் அடங்கப் பொறியேடாக்கி வைத்தல். இரண்டு, ஆய்வேடுகளைப் படமாக ஏலாது, ஒருங்குறி எழுத்தாகவே பல்கலைக்கழகம் ஏற்றல். மூன்று, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நூற்பகுதியை இவ்வாறு செம்மை செய்தலைப் பதிப்புக்கலைப் பாடத்தின் பயிற்சியாக வைத்தல். இதனால் பார்வையுடையாரும் பாடவியல் கற்பர். நான்கு, இங்ஙனம் ஆக்கியவற்றைச் சரிபார்க்கும் பணியில் பார்வையிழந்த அறிஞரையே ஊதியம் தந்து அமர்த்துதல். படித்துப் பார்த்து ‘இது ஏடு’ என்று ஒப்புதல் அளிக்கத் தக்கார் அவரே.

இவற்றுள் எதற்கும் புதுச்சட்டம் வேண்டுவதில்லை. துறைக்குழு ஒருநாள் கூடித் துணிந்தால் போதும். பிள்ளைச்சாவடிப் பள்ளியில் இன்று ஆறு புள்ளிகளில் அகரம் தொட்டுப் பயிலும் சிறுவர் சில ஆண்டுகளில் காலாப்பட்டிற்கு வருதல் கூடும். அவர் வரும் நாளில் தொல்காப்பியமும் அதன் உரைகளும் அவர் விரலுக்காகக் காத்திருத்தல் வேண்டும். அதற்குத் தொடக்கமாக, தமிழ்த்துறைகள் வெளியிடும் ஆராய்ச்சி இதழ்கள், இவ்விதழ் உட்பட, தம் அடுத்த தொகுதியினையே அவ்வடிவிலும் வெளியிடுக.